போனில் வராத சத்தம்

அம்மா, அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன் என்று அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். "நாலு வார்த்தை பேச நேரமில்லாத அளவுக்குப் பெரிய மனுஷன் ஆயிட்டானா" என்று கேட்டாயாம். ஆகவில்லை. மாமாவின் லாரி வழியில் நின்றுவிட்டது, ஆள் நன்றாக இருக்கிறார், அதுவரைக்கும்தான் அக்கா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். மீதியை நான் சொல்கிறேன். பயப்படாமல் கேள். பயப்படுவதற்கு நம் வீட்டில் நான் ஒருத்தன் போதும்.

முதலில் அந்த பிரேக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. லாரி பிரேக் காற்றில் வேலை செய்வது. தொட்டியில் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். மிதித்தால் அந்தக் காற்று பின்சக்கரங்களுக்குப் போய் இறுக்கிப் பிடிக்கும். போகிற வழியில் கையளவு ஒரு வால்வு இருக்கிறது. அதைச் செய்த கம்பெனி திடீரென்று ஓர் அறிவிப்பு விட்டது. சில வால்வுகளுக்குள் இருக்கும் ரப்பர் சீக்கிரமே காய்ந்து வெடித்துவிடுகிறது, மிதிக்கும்போது காற்று கசிகிறது, பிரேக் தாமதமாகப் பிடிக்கலாம், அதனால் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு புதிது மாட்டித் தருகிறோம் என்றது. எங்கள் யார்டில் பாதி வண்டிக்கு மேல் அந்த வால்வுதான். அறிவிப்பு வந்தது, புது வால்வு வரவில்லை. நான் ஸ்டோரில் வேலை செய்கிறேன் இல்லையா, டிரைவர்கள் தினமும் வந்து என் மேஜையைத் தட்டி "வந்துச்சா?" என்பார்கள். "வரும்." பிறகு அவர்களுக்கும் கேட்டு அலுத்துப்போய், என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்துவார்கள். நானும் உதட்டைப் பிதுக்குவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அதுவரைக்கும் வண்டிகளைச் சும்மா நிறுத்திவைக்க யாருக்கும் மனசில்லை. எனவே ஓர் ஏற்பாடு செய்தார்கள். காலையில் கிளம்புவதற்கு முன்னால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வெளியே பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து காது கொடுக்க வேண்டும். 'ஸ்ஸ்' என்று வந்தால் வண்டி நகரக்கூடாது. காற்றின் அளவு காட்டும் முள் இறங்குவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும் என்று எங்கள் ஃபோர்மேன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

யார்டில் ஆள் இருக்கிறது, குனிந்து கேட்கலாம். மாமா பாதி நாள் வழியில், லாரியிலேயே படுத்து எழுந்திருப்பவர். நம்ம பாஷை தெரியாத இந்த நாட்டில், அங்கே யார் குனிவது?

"பக்கத்து வண்டிக்காரர கூப்பிட வேண்டியதுதான மாமா" என்றேன்.

"எந்த பாஷைல கூப்பிடுறது மாப்ள? 'ஐயா, கொஞ்சம் வந்து என் வண்டிக்கு அடியில படுங்க'ன்னா?"

அக்கா சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. "ஓட்டத் தெரியாதவன்னு நெனச்சுக்குவான். ஏற்கெனவே நம்மள அப்படித்தான் பாக்குறாங்க."

மிதியில் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப்போய்த் தானே கேட்கலாம்தான். ஆனால் வேறெங்கோ ஒரு டிரைவர் கட்டையை எடுக்க மறந்து வண்டியைக் கிளப்பி வம்பாகிவிட்டதாம். கட்டை வைத்தால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். போனில் வீட்டைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் போனை வால்வுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டத்தின்மேல் வைத்துவிடுவது. பிறகு மேலே ஏறி பிரேக்கை அழுத்திப் பிடிப்பது. வீட்டில் இருப்பவர் கேட்டுச் சொல்வது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யார்டில் வைத்து இதைச் சரிபார்த்தோம். நான் ஸ்டோரில் போனோடு உட்கார்ந்திருந்தேன். மாமா சட்டத்தை ஸ்பேனரால் தட்டினார். டங் டங் என்று காதுக்குள் இறங்கியது. மிதியை விட்டதும் 'புஸ்' என்று காற்று வெளியேறும் அல்லவா, அதுவும் தெளிவாகக் கேட்டது.

"கேக்குதா மாப்ள?"

"பக்கத்துல நிக்கிற மாதிரியே கேக்குது மாமா."

"அப்ப எல்லாம் கேக்கும்" என்று கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார். அவர் அப்படி முகம் மலர்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

எங்கள் கம்பெனியில் முக்கால்வாசி நம்ம ஆட்கள்தான். விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மாமாதான் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். சைலன்சர் என்று ஒருவர் இருக்கிறார், ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். அவர் அதற்கு 'போன் டெஸ்ட்' என்று பெயர் வைத்தார். காலையில் எங்கள் தெருவில் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வீடு பெண்கள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பார்கள். ஒரு கையில் தோசைக்கரண்டியோ பிள்ளையின் காலுறையோ இருக்கும். கண் எங்கேயோ இருக்கும். சைலன்சரின் மனைவி அக்காவிடம் சொன்னாளாம்: "கல்யாணம் ஆனதுலேருந்து இந்த மனுஷன் போன் பண்ணிட்டு வாயைத் திறக்காம இருக்கிறது இது ஒண்ணுலதான். உன் வீட்டுக்காரர் நல்லா இருக்கணும்."

நம் வீட்டில் அக்காதான் கேட்பாள். பாப்பா ஏதாவது பேசினால் கையால் அவள் வாயைப் பொத்துவாள். பிறகு, "இல்லங்க. ஒண்ணும் இல்ல. பாத்துப் போங்க" என்பாள். தினமும் அதே சொற்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அது விடியற்காலை அலாரம் மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு அக்கா சீக்கிரமே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மாமாவின் போன் எனக்கு வந்தது. நான் பேருந்து நிறுத்தத்தில் ஓரமாக நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். உனக்கு என்னைத் தெரியும், பூட்டிய கதவையே திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பவன். "இன்னொரு தடவ மிதிங்க மாமா" என்றேன். மிதித்தார். திரும்பவும் மிதிக்கச் சொன்னேன்.

"என்னடா, டாக்டர் நாடி பாக்குற மாதிரி பாக்குற" என்று மேலிருந்து கத்தினார்.

"சத்தம் இல்ல மாமா. நீங்க போங்க."

நான்தான் சொன்னேன் அம்மா. என் வாயால்தான் சொன்னேன்.

முழு லோடு. மலையைத் தாண்டிப் போகிற வழி. ஏறும்போது பயமில்லை. ஏறி முடித்தபிறகு மறுபக்கம் நீளமாக ஓர் இறக்கம் வரும், வளைந்து வளைந்து போகும், டிரைவர்களே அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மத்தியானத்துக்கு மேல் அங்கே போய்ச் சேருவார்.

நீ என்னைக் கூப்பிட்டது சாப்பாட்டு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால். நான் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம், கம்ப்ரஸர் இருக்கும் மூலையில் நின்றிருந்தேன். அங்கே ஒரு காற்றுக் குழாய் இணைப்பில் ஓட்டை. நாள் முழுக்க 'ஸ்ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் பழகிவிட்டார்கள், யாரும் சரிசெய்வதில்லை. சத்தமாக இருக்கிறதே, உனக்குக் கேட்காதே என்று நான் கத்திப் பேசினேன்.

"ஏன்டா கத்துற? நல்லாத்தான் கேக்குது" என்றாய். பிறகு கேட்டாய்: "என்ன, இன்னிக்கு லீவா? ரூம்லயா இருக்க? அமைதியா இருக்கே."

நான் குழாயைப் பார்த்தேன். சீறிக்கொண்டிருந்தது. போனை அதற்குப் பக்கத்தில், காற்று விரலில் படும் அளவுக்குக் கொண்டுபோனேன்.

"இப்ப ஏதாவது கேக்குதாம்மா?"

"என்ன கேக்கணும்? ஹலோ? நீதான் பேசணும். ஹலோ?"

அப்போதுதான் வைத்துவிட்டேன்.

ஃபோர்மேனிடம் ஓடினேன். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் வைக்கப் போனவர். கதை முழுக்கக் கேட்காமலே எழுந்து, என்னைத் தன் போனுக்குக் கூப்பிடச் சொல்லி, அதைக் காதில் வைத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் குழாய்ப் பக்கம் போனை நீட்டினேன்.

"உன் மூச்சு கேக்குது தம்பி. நாய் ஓடி வந்த மாதிரி. வேற ஒண்ணும் இல்ல."

கம்ப்ரஸரைக் கம்பியால் தட்டினேன்.

"அது கேக்குது."

வெளியே வந்தார். டப்பாவை மூடினார். "இந்தக் காலத்து போன் ஒரே மாதிரி வர்ற இரைச்சல தானே வடிகட்டிடுது. பேசுறது மட்டும் தெளிவா போகணும்னு. ஃபேன் சத்தம், மழை சத்தம் எல்லாத்தையும் எடுத்துடும். நீங்க தேடுறதே அந்த இரைச்சல்தான்." தலையில் அடித்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை. சாப்பிடாமல் விட்ட பசி மட்டும் முகத்தில் இருந்தது. "யாரு யாரு பண்றீங்க இப்படி?"

"எல்லாரும்தான் அண்ணே."

அவர் யார்டில் காலியாகக் கிடந்த வண்டி இடங்களைப் பார்த்தார்.

மாமாவைக் கூப்பிட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். நல்ல பழக்கம் என்று நாமே எத்தனை முறை சொல்லியிருப்போம். அக்காவைக் கூப்பிட்டேன். அவளிடம் ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். பின்னால் அவள் வேலை செய்யும் இடத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இன்னிக்கு நீதான கேட்ட?"

"ஆமாக்கா."

"நீ ஒரு நாள் சொன்ன. நான் எத்தன நாள் சொல்லியிருக்கேன் தெரியுமா?" குரல் உடையவில்லை, வற்றிப்போயிருந்தது. "அவர நிறுத்து. எப்படியாவது நிறுத்து. நான் வைக்கிறேன்."

லாரிக்குள் ஒரு சின்னத் திரை உண்டு. ட்ரிப் பார்க்கும் ஆபீஸிலிருந்து எழுதினால் மணி அடித்து அதில் வரும். படித்துவிட்டேன் என்று அழுத்தும்வரை மணி ஓயாது. அது ஒன்றுதான் வழி. ஆனால் அது ஆபீஸ் வழி.

"நல்லா யோசிச்சுக்கோ" என்றார் ஃபோர்மேன். "நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. சொன்னதும், எத்தன பேர் இப்படின்னு கேப்பாங்க. எல்லா வண்டியும் நிக்கும். ஆரம்பிச்சு வெச்சது யாருன்னும் வரும்."

"வேற ஏதாவது சொல்லி நிறுத்த முடியாதா அண்ணே? டயர்ல கோளாறுன்னு? லோடு மாறிப் போச்சுன்னு?"

"சொல்லலாம். உன் மாமா நின்னுடுவார்." பல்லில் ஏதோ மாட்டியதுபோல் நாக்கைச் சுழற்றினார். "மத்தவங்க ஓட்டிக்கிட்டுதான் இருப்பாங்க."

எனக்கு அந்த நேரத்தில் மத்தவங்க யாரும் தெரியவில்லை அம்மா, உண்மையைச் சொல்கிறேன். அந்த இறக்கம் மட்டும்தான் தெரிந்தது. ஆனால் ஆபீஸ் அறை வரைக்கும் நடக்கும்போது, போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

ஆபீஸில் ட்ரிப் பார்க்கும் பெண்மணிக்கு முதலில் புரியவேயில்லை. "போன்லயா? பிரேக்கையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். புரிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டார். "டெஸ்ட் பண்ணியாச்சு, பண்ணியாச்சுன்னு தினமும் சொல்வாங்களே. இதானா அது?" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். முதலில் மாமாவுக்கு. அப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும்.

மாமாவின் வண்டி திரையில் ஒரு புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்தேன். உட்காருங்க என்றார்கள், என்னால் உட்கார முடியவில்லை. புள்ளி நகர்ந்தது. இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் லாரிகள் ஒதுங்க ஓர் இடம் உண்டு. புள்ளி அதை நெருங்கி, அதன்மேலேயே போனது. தாண்டிவிட்டது என்று நினைத்து நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் புள்ளி நகரவில்லை என்று தெரிந்தது.

உடனே போன் வந்தது. மாமா.

"எவன்டா நிறுத்தச் சொன்னது? லோடு இன்னிக்கே இறங்கணும்டா!"

சொன்னேன். கம்ப்ரஸர், குழாய், நீ கேட்ட கேள்வி, எல்லாம்.

"டங் டங்னு கேட்டுச்சே மாப்ள" என்றார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பாப்பா கேட்பது மாதிரி கேட்டார். "புஸ்ஸுன்னும் கேட்டுச்சே."

"அது கேக்கும் மாமா. கசிவு கேக்காது. யாரையாவது மிதிக்கச் சொல்லிட்டு நீங்க கீழ போய்ப் பாருங்க. சோப்புத் தண்ணி ஊத்திப் பாருங்க."

"யாரச் சொல்ல?"

"யாரையாவது."

போனை வைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் போல. துணி உரசும் சத்தம், சரளைக்கல்லில் நடக்கும் சத்தம். பக்கத்தில் நின்ற ஏதோ ஒரு லாரியின் கதவைத் தட்டினார். மாமா ஏதோ சொன்னார், அது எந்த மொழியிலும் சேராத ஒரு பேச்சு, பாதி சைகையாக இருந்திருக்க வேண்டும். ஒரு பெண்குரல் பதில் சொன்னது. அவளும் டிரைவராம், பிறகு சொன்னார். காலணியைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி வந்து, மாமாவின் இடத்தில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாளாம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்தும் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

"நுரை வருது" என்றார் மாமா.

"பெருசாவா?"

"கொஞ்சமாத்தான். பாப்பா எச்சில் ஊதுவாளே, அப்படி." பிறகு: "சத்தமும் கேக்குதுடா. சும்மா காதுக்கே நல்லா கேக்குது. குனிஞ்சா போதும்."

எவ்வளவு நேரம் அடியிலேயே இருந்தார் என்று தெரியவில்லை. அந்தப் பெண் மேலிருந்து என்னவோ கேட்டாள், விட்டுவிடலாமா என்றாக இருக்கும். அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டா செய்றாங்க மாப்ள" என்றார் கடைசியில். "நான் யாரையும் கேக்கவே இல்ல."

அம்மா, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் அலைச்சல்தான். வழியில் எங்கெங்கோ வண்டிகள் நின்றன. ஆபீஸ் என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொரு டிரைவருக்கும் போன் போடச் சொன்னது. மெசேஜைப் பார்த்தும் நம்பாதவர்களுக்கு நான் நம்ம பாஷையில் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரே கதை. குழாய், சீறல், வடிகட்டுதல். சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே அது யாரோ ஒருவருக்கு நடந்தது மாதிரி இருந்தது.

"என் பொண்டாட்டிக்குக் காது ரொம்பக் கூர்மைடா" என்றார் ஒருவர்.

சைலன்சர் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டார். "உன் மாமா சொல்லிக் கொடுப்பாராம், நீ வந்து காட்டிக் கொடுப்பியாம். குடும்பமே நல்லா நடத்துறீங்க. இப்ப என்னை எங்க நிறுத்தியிருக்கீங்க தெரியுமா? சுத்தி ஒரு டீக்கடைகூட இல்ல."

"குனிஞ்சு பாருங்கண்ணே."

"பாக்குறேன் பாக்குறேன். நீ வையி."

வைத்தேன். பிறகு அவரே கூப்பிட்டார். ஹலோ சொன்னேன். அவர் பேசவில்லை. சைலன்சர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. "இழுவை வண்டி அனுப்பச் சொல்றேன் அண்ணே" என்றேன். "ம்" என்றார்.

மாமாவை இரண்டு நாள் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். விசாரிப்பார்களாம். வேலை போகுமா என்று இன்னும் தெரியாது. ஃபோர்மேன் போகாது என்கிறார், ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. தெருவில் அக்காவிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. யாரும் சிரிப்பதும் இல்லை. காலையில் வாசல்கள் காலியாக இருக்கின்றன. வண்டிகள் எல்லாம் யார்டில். டிரைவர்கள் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று புருவத்தை உயர்த்துவதுகூட இல்லை, சும்மா நிற்கிறார்கள். வால்வு இன்னும் வரவில்லை.

மாமா மறுநாள்தான் வீட்டுக்கு வந்தார். லாரியை இழுத்துக்கொண்டுபோய் விட வேண்டிய ஒர்க்‌ஷாப் மலைக்கு மறுபக்கம், கீழே இருந்ததாம். இழுவை வண்டிக்காரருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அந்த இறக்கத்தில் இறங்கியிருக்கிறார். குளித்துவிட்டு வந்து தரையில் சுவரோரம் சாய்ந்தார். அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட விடாத அளவுக்குப் பிடித்திருந்தாள்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இறக்கம் எப்படி இருந்துச்சு மாமா? ரொம்ப மோசமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தெரியலயே மாப்ள. தூங்கிட்டேன்."